கடற்கரைக் காணியை வெளிநாட்டு ஹோட்டல் கேட்டு வந்தால்

"வெளிநாட்டுக் கம்பனி ஒண்டு ஹோட்டல் கட்டக் காணி கேக்குது சேர், குடுக்கலாமோ?"

கிழக்குக் கரையில் சட்டத்தரணியாகவும் நொத்தாரிசாகவும் தொழில் செய்கிறவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. கேட்டு வருபவர்களின் மனம் முழுக்க விலையிலேயே இருக்கும். பேர்ச் எவ்வளவு போகும், பக்கத்துக் காணிக்காரர் என்ன விலைக்குக் கொடுத்தார், தரகருக்கு எத்தனை வீதம் என்றுதான் பேச்சுத் தொடங்கும். நான் முதலில் சொல்லும் விடயம் அவர்களில் பலருக்குப் புதிதாக இருக்கும். வெளிநாட்டுக் கம்பனிக்கு இலங்கையில் நீங்கள் காணி விற்க முடியாது.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடுக்கிறது. வெளிநாட்டவர், வெளிநாட்டுக் கம்பனி, பங்குகளில் 50 வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் இருக்கும் உள்ளூர்க் கம்பனி ஆகிய மூவருக்கும் காணியை அறுதியாக உரிமை மாற்றிக் கொடுத்தால் அந்த மாற்றம் சட்டப்படி செல்லாது. சில விலக்குகள் உண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாங்கலாம், மாடிக் குடியிருப்பில் வீடு வாங்கலாம், இப்படிச் சில. பாசிக்குடாவிலோ குச்சவெளியிலோ இருக்கும் உங்கள் தென்னந்தோட்டத்துக்கு அவை பொருந்தா. வெளிநாட்டவருக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் வழி குத்தகை. அதுவும் அதிகபட்சம் 99 வருடங்கள்.

அப்படியானால் "அறுதியாக வாங்குகிறோம்" என்று வந்து நிற்பது யார்? பெரும்பாலும் உள்ளூர்க்காரர் ஒருவர், அல்லது அண்மையில் பதிவு செய்த உள்ளூர்க் கம்பனி. பின்னால் வெளிநாட்டு முதலீட்டாளர் இருப்பதாகச் சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காணி உறுதியில் (பத்திரத்தில்) வாங்குபவராக எழுதப்படுகிறவரைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் கட்டினால் எந்தக் கம்பனியினதும் இயக்குநர்கள் யார், பங்குகள் யாரிடம் என்ற விவரத்தை எவரும் எடுக்கலாம். பல இலட்சம் ரூபாக் காணியைக் கொடுக்கும் முன் அந்தச் சின்னச் செலவைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

இதில் இன்னொரு கொக்கியும் இருக்கிறது. வெளிநாட்டுப் பங்கு 50 வீதத்துக்குக் குறைவாக இருப்பதால் காணி வாங்கிய கம்பனி, வாங்கிய நாளிலிருந்து தொடர்ந்து 20 வருடம் அப்படியே இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். ஹோட்டல் திட்டத்துக்கு வெளிநாட்டுப் பணம் வருவதென்றால் பங்கு மாறித்தான் வரும். காணி விலையை முழுதாக வாங்கிவிட்டவருக்கு அது பெரிய கவலை இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் முழுதாக வாங்கியவர் குறைவு. பாதிக் காசு உறுதி எழுதும்போது, மீதி "திட்டத்துக்கு அனுமதி கிடைத்ததும்" என்றுதான் பேச்சு முடிகிறது. காணி இன்றைக்கே போய்விடும், காசு அனுமதியைப் பார்த்துக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் கம்பனி தகராறில் மாட்டினால் உங்கள் மீதிக் காசும் அந்தத் தகராறோடு சேர்ந்து நிற்கும்.

ஏன் இப்போது இதை எழுதுகிறேன் என்றால், தரகர்கள் திரும்ப நடமாடத் தொடங்கிவிட்டார்கள். 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் கொரோனாவும் சேர்ந்து 2021இல் அதை இரண்டு இலட்சத்துக்குக் கீழே இறக்கின. 2024இல் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. எண்ணிக்கை ஏறும்போதெல்லாம் கடற்கரைக்கு விலை கேட்டு ஆள் வரும்.

அவர்கள் கையோடு கொண்டுவரும் படங்களில் கொழும்பு ஹோட்டல்கள் இருக்கும். 2017இல் காலிமுகத்திடலில் திறந்த ஷங்ரி-லா, 2024இல் திறந்த ஐடிசி ரத்னதீப, அதே வருடம் முதற்பகுதி திறந்த சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ். அவற்றின் கதை வேறு. ஐடிசி கட்டியது அரசின் முதலீட்டுச் சபையிடம் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில். பெருந்திட்டங்களுக்கு 2008ஆம் ஆண்டின் மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டத்தின் கீழ் பல வருட வரிச்சலுகை கிடைக்க வழி உண்டு. ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் பெரிய கம்பனி, இரண்டு பக்கமும் சட்டத்தரணிகள் கூட்டம். எங்கள் ஊர் மேசையில் ஒரு பக்கம் மட்டும்தான் சட்டத்தரணியோடு வந்து உட்காருகிறது.

பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்குவதையும் சொல்ல வேண்டும். உலகப் பெயர் பெற்ற ஹோட்டல் நிறுவனங்கள் பல இடங்களில் காசு போடுவதில்லை. கட்டடத்தின் சொந்தக்காரர் வேறு, தங்கள் பெயரைக் கொடுத்து நடத்திக் கட்டணம் வாங்குபவர்கள் அவர்கள். சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் என்ற பெயர் மக்காவுவில் சூதாட்ட விடுதி நடத்தும் மெல்கோ குழுமத்தினுடையது, ஆனால் அந்தக் கட்டடம் ஜோன் கீல்ஸ் குழுமத்தின் சொத்து. எனவே "இன்ன பிராண்ட் வருது" என்று சொன்னால், அந்த பிராண்ட் உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறதா என்று கேளுங்கள். வைக்காது. அந்தப் பெயரை நம்பிக் காணி கொடுப்பதில் பொருள் இல்லை.

அடுத்து, கடிதத் தலைப்பில் எழுதி வரும் "உடன்பாட்டுக் கடிதம்". இங்கே காணி விற்பனையோ, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையோ, அதற்கான உடன்படிக்கையோ நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் செல்லாது. 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் கட்டளைச் சட்டம் இது. ஆகவே அந்தக் கடிதத்தை வைத்து நீங்கள் கம்பனியைக் கட்டுப்படுத்த முடியாது. மறுபக்கம், சிறிய அட்வான்சைக் கொடுத்து, நொத்தாரிசு மூலம் விற்பனை உடன்படிக்கை எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டுப் போவார்கள். இது செல்லும். இதில்தான் கண்ணை விழித்துப் பார்க்க வேண்டும். எத்தனை மாதத்தில் மிகுதிப் பணம், கட்டாவிட்டால் அட்வான்ஸ் யாருக்கு, உடன்படிக்கை தானாக முடியுமா, பதிவை யார் நீக்குவது என்ற நான்கும் எழுத்தில் இல்லாவிட்டால், முதலீட்டாளரைத் தேடி அவர்கள் ஊர் ஊராக அலையும் காலமெல்லாம் உங்கள் காணி பூட்டிக் கிடக்கும். அந்தப் பதிவைப் பார்த்த வேறு எவரும் வாங்க வரமாட்டார்கள்.

என்னைக் கேட்டால், பலருக்குக் குத்தகையே நல்லது. காணி பிள்ளைகளுக்கு மிஞ்சும். ஆனால் குத்தகை உறுதியைக் கம்பனியின் சட்டத்தரணிதான் எழுதி வருவார், அதில் சில வரிகள் எப்போதும் விடுபட்டிருக்கும்.

முதலாவது கட்டுமானக் கெடு. ஹோட்டல் கட்டத்தான் காணி என்று வாய்ப்பேச்சில் இருக்கும். எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் காணி திரும்பி வருமா என்று உறுதியில் இராது. வேலி அடித்துப் பெயர்ப்பலகை நட்டு, அதோடு நின்றுபோன இடங்கள் கரை நெடுகக் கிடக்கின்றன. கட்டாத ஹோட்டலுக்கு ஆண்டு வாடகை கட்ட எந்தக் கம்பனிக்கும் மனம் வராது. கெடு எழுதாவிட்டால் வாடகை வராத காணியை மீட்கவும் வழக்கு வைக்க வேண்டும்.

இரண்டாவது, வாடகை எப்படி ஏறும் என்பது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா, மே மாதம் 360. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பத்து வீதம் கூட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தவர்களின் வாடகை அந்த ஒரே வருடத்தில் கரைந்தது. அறை வாடகையை டொலரில் வாங்கும் தொழில் இது. நிலச் சொந்தக்காரனுக்கு மட்டும் முப்பது வருடத்துக்கு அசையாத ரூபாய்த் தொகை என்பது நியாயமில்லை. பணவீக்கத்தோடோ ஹோட்டலின் வருமானத்தில் ஒரு பங்கோடோ வாடகையை இணைத்து எழுதலாம். கேட்டால் முதலில் மறுப்பார்கள், பிறகு பேசுவார்கள்.

மூன்றாவது ஈடு. கம்பனி வங்கியில் கடன் எடுக்கும். அதற்குத் தன் குத்தகை உரிமையை ஈடு வைப்பது அதன் பாடு. ஆனால் "வங்கி கேக்குது, நீங்களும் ஒரு கையெழுத்து வையுங்கோ" என்று நிலச் சொந்தக்காரரையும் ஈட்டு உறுதியில் இழுப்பார்கள். அது உங்கள் காணியையே அடகு வைப்பது. பராட்டே என்று நாம் சொல்லும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, வங்கி நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் போடலாம். கடன் எடுத்தவர் அல்லாத மூன்றாம் ஆளின் சொத்துக்கு அது செல்லுமா என்ற வாதம் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்த வாதத்தில் அடுத்த கட்சிக்காரராக நீங்கள் போய் நிற்க வேண்டியதில்லை.

பணம் எந்த வழியில் வருகிறது என்பதும் ஒரு சோதனை. உண்மையான வெளிநாட்டு முதலீட்டாளர் தன் பணத்தை வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு திறந்து அதன் வழியாகத்தான் கொண்டுவருவார். நாளைக்கு இலாபத்தையும் முதலையும் வெளியே எடுத்துப்போக அவருக்கு அந்தக் கணக்கு வேண்டும். "காசு உண்டியலில் வரும், உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவம்" என்று, அதாவது வங்கியைத் தொடாமல் காசு கைமாறும் என்று ஒருவர் சொன்னால், முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவருக்குப் பின்னால் முதலீட்டாளர் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

உங்கள் பக்கத்துக் காகிதங்களும் சுத்தமாக இருக்க வேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியை, பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அது வெறும் காகிதம். போர்க்காலத்தில் ஊரை விட்டுப் போயிருந்தபோது வேறொருவர் பிடித்திருந்தால், பத்து வருட ஆட்சி என்று அவர் உரிமை கேட்கக்கூடும். அப்படி இடம்பெயர்ந்தவர்களைக் காக்க 2016இல் தனிச் சட்டம் வந்தது, அதன் நிலையைச் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய உறுதியில் "கிழக்கு: கடல்" என்று எல்லை எழுதியிருக்கும். 2004 சுனாமியில் எல்லைக்கல் போனது, கடலரிப்பில் கரையும் போனது. புது நில அளவைப் படம் இல்லாமல் பேச்சுக்கே போகாதீர்கள். உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், கடலை ஒட்டிய ஒதுக்கில் கட்டவும் முடியாது. கம்பனிக்கு இது தெரியும், விலை பேசும்போது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். கரைவலை இழுக்கும் மணல் உங்கள் உறுதிக்குள் இல்லை. அதையும் சேர்த்துக் குத்தகைக்குக் கொடுத்ததாக எழுதி வந்தால் வெட்டிவிடச் சொல்லுங்கள். மீன்பிடிச் சங்கத்தோடு வழக்கு வரும்போது ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர் உங்களுடையது.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் கூடப்பிறந்தவர்கள். கிழக்கிலும் வடக்கிலும் இப்போது மிக அதிகமாக வரும் சிக்கல் இதுதான். தகப்பன் விட்டுப்போன காணியில் ஐந்து பேருக்குப் பிரிபடாத பங்கு, மூவர் கனடாவிலும் லண்டனிலும். குடியுரிமை மாறியிருந்தாலும் முதுசப் பங்கு அவர்களுக்கு உண்டு, ஆகவே அவர்களும் கையெழுத்து வைக்க வேண்டும். ஊரில் இருப்பவர் பழைய அற்றோணித் தத்துவம் ஒன்றை, அதாவது தன் சார்பில் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை, எடுத்து வருவார். கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் கேட்பேன். அவர் காலமாகியிருந்தால் அந்தத் தத்துவமும் அன்றோடு முடிந்துவிட்டது.

இதைவிடச் சங்கடமானது, ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லாமல் தன் பங்கை மட்டும் விற்பது. அது சட்டப்படி செல்லும். வாங்கிய கம்பனி இப்போது உங்களோடு கூட்டுச் சொந்தக்காரர். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் அது வழக்கு வைக்கலாம், பிரிக்க முடியாத காணி என்றால் விற்கச் சொல்லியும் கேட்கலாம். ஏலத்தில் கேட்கும் அளவுக்குக் காசு வைத்திருப்பது ஐந்து பேரில் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் தரகர் உங்களில் ஒருவரோடு மட்டும் தனியாகப் பேசத் தொடங்குகிறார் என்று கேள்விப்பட்டால், அன்றைக்கே மற்றவர்களுக்குத் தொலைபேசி எடுங்கள். ஐந்து பேரும் சேர்ந்து ஒரே குத்தகை உறுதியில் கையெழுத்து வைத்து, வாடகை யார் கணக்குக்கு எத்தனை பங்கு என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.