காடை முட்டைக்குள் எட்டும் வெளிச்சம்

அவித்த காடை முட்டையை உரிக்கும்போது ஓட்டின் உட்புறத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வெளியே மண்நிறத்தில் மை தெளித்தாற்போல் இருக்கும் ஓடு, உள்ளே வெளிறிய நீலப் பச்சையாக இருக்கும்.

இரண்டு நிறமிகளின் வேலை இது. பழுப்பைத் தருவது புரோட்டோபார்ஃபைரின், நீலப் பச்சையைத் தருவது பிலிவெர்டின். அடிபட்டுக் கன்றிய இடம் சில நாளில் பச்சை பாய்கிறதே, அதுவும் பிலிவெர்டின்தான். இரண்டுமே ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீமுக்கு நெருங்கிய உறவு. புள்ளிகள் முட்டை வெளிவருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில்தான் விழுகின்றன. ஒவ்வொரு பெட்டைக்கும் அதன் கோலம் கையெழுத்து மாதிரி. பெட்டைக்கும் அது தெரியும்போலிருக்கிறது: ஜப்பானியக் காடைகள் தங்கள் முட்டை மறைந்துகொள்ளக்கூடிய நிறத்துத் தரையாகப் பார்த்து இடுகின்றன என்று பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 2013இல் காட்டியது.

ஒளிந்துகொள்ள உதவும் இதே நிறம் ஒளியையும் வடிகட்டுகிறது. புரோட்டோபார்ஃபைரின் ஊதா ஒளியை வெகுவாக விழுங்கும், பச்சையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும், சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். இருட்டறையில் டார்ச்சை முட்டையோடு ஒட்டிப் பிடித்தால் உள்ளே செம்மஞ்சளாகத் தெரிவது அதனால்தான். திட்டுத் திட்டான காடை முட்டையில் கரு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது பெரும்பாடு. செலடான் எனப்படும் நீல முட்டை ரகத்தில் பழுப்பு நிறமி மிகக் குறைவு, அதில் கருவின் ரத்தக் குழாயெல்லாம் தெளிவாகத் தெரியும். ஆக, ஒரே தட்டில், ஒரே விளக்கின் கீழ் இருந்தாலும் இரண்டு முட்டைக்குள் இருக்கும் கருக்கள் பார்ப்பது ஒரே வெளிச்சத்தை அல்ல.

வளர்ப்புக் காடை அடைகாக்கும் குணத்தை ஏறக்குறைய மறந்துவிட்டது. நம் ஊர் நந்தனம் காடையும் அந்த வழிதான். அதனால் இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் 17 நாள். வழக்கமாக அது இருட்டுப் பெட்டி. அதற்குள் விளக்கைப் போட்டால் என்ன ஆகும்?

கருவுக்கு ஒளியை உணரக் கண் மட்டுமே வழி இல்லை. மெல்லிய மண்டையோட்டைத் தாண்டி வரும் ஒளியை உச்சியிலுள்ள பீனியல் சுரப்பியும் மூளையின் உட்பகுதியும் உணரும். இஸ்ரேலில் கோழி முட்டைகளுக்குப் பச்சை விளக்கு போட்டுப் பார்த்தவர்கள், வளர்ச்சி ஹார்மோன் கூடுவதையும் தசை செல்கள் வேகமாகப் பெருகுவதையும் கண்டார்கள். கடைசி நாட்களில் குஞ்சின் இடக்கண் உடலோடு ஒட்டி மறைந்திருக்கும், வலக்கண் ஓட்டைப் பார்த்திருக்கும். அப்போது விழும் ஒளி, பொரித்த பிறகு தானியத்தையும் கல்லையும் பிரித்தறியும் திறன் வரைக்கும் போகிறது என்பதும் கோழிக்குஞ்சுகளில் தெரிந்த விஷயம்.

ஆனால் வெளிறிய முட்டையில் பொரிப்பு கூடினாலோ குறைந்தாலோ, உடனே ஒளியின்மேல் போட்டுவிடக் கூடாது. பயந்துபோன பெட்டை நேரத்துக்கு முன்பே முட்டையிட்டால் நிறம் பூசப்படாமலே வந்துவிடும், அங்கே கோளாறு பெட்டையிடம். பல்பு ஒளியோடு சூட்டையும் கொடுக்கும், அரை டிகிரி ஏறினாலே கரு விரைந்து வளரும். அதனால் எல்இடி போட்டாலும், வெப்பமானியை முட்டையின் மட்டத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் ஓரத்தில் தொங்கும் மானி காட்டும் கணக்கு உதவாது.

முட்டைக்கு முட்டை வேகம் சற்று மாறினாலும் காடைகளிடம் அதற்கு ஒரு வழி இருக்கிறது. பொரிக்கும் நேரம் நெருங்கினால் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளிருந்தே ‘டிக் டிக்’ என்று ஒலி எழுப்பும். 1960களில் கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் கண்டறிந்தது இது: பக்கத்து முட்டையின் ஒலி தொட்டதும் பின்தங்கிய குஞ்சு வேகமெடுக்கிறது. அதற்கு முட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கடைசி மூன்று நாளில் முட்டைகளைக் குழித்தட்டிலிருந்து எடுத்துச் சமதட்டில் நெருக்கமாகப் பரப்பினால் அந்தப் பேச்சு தடையில்லாமல் நடக்கும்.