மாமாவுக்கு 26, தம்பிக்கு 22.8

போன மாங்காய்ப் பருவத்தில் காவேரிப்பட்டணத்தில் நடந்த ஒரு மருத்துவ முகாமுக்கு என் மாமாவும் சித்தப்பா மகனும் ஒன்றாகப் போனார்கள். மாமா மண்டியில் சுமை தூக்குகிறவர். விடியற்காலை தொடங்கி மாங்காய்க் கூடைகளைத் தோளில் ஏற்றி லாரியில் அடுக்குவார். தம்பிக்கு ஓசூரில் கணினி முன் உட்கார்ந்து பார்க்கும் வேலை. இருவருக்கும் ஒரே உயரம், 165 செ.மீ. மாமாவின் எடை 71 கிலோ, தம்பி 62 கிலோ. மாமாவிடம் "எடையைக் குறையுங்கள்" என்றார்கள். தம்பியின் சீட்டில் ‘இயல்பு’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டு தீர்ப்பும் ஒரே கணக்கிலிருந்து வந்தவை. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியெண், அதாவது பி.எம்.ஐ. 1.65ஐ 1.65ஆல் பெருக்கினால் 2.72. 71ஐ அதனால் வகுத்தால் 26.1, 62ஐ வகுத்தால் 22.8. உலகளவில் 25க்கு மேல் போனால் அதிக எடை. நம்மைப் போன்ற ஆசிய உடல்களுக்கு 23லேயே எச்சரிக்கை தொடங்குகிறது.

உயரத்தை ஏன் வர்க்கப்படுத்த வேண்டும்? பெல்ஜியம் நாட்டு வானியலாளரும் புள்ளியியலாளருமான அடோல்ஃப் கெட்லே, வளர்ந்த மனிதர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று 1830களில் கண்டார். உயரமானவர் குள்ளமானவரின் பெரிதாக்கிய அச்சு அல்ல. அப்படி இருந்தால் எடை உயரத்தின் மும்மடிக்கு, அதாவது உயரத்தை மூன்று முறை பெருக்கியதற்கு, ஏற்பக் கூட வேண்டும். கெட்லே தேடியது சராசரி மனிதனின் அளவுகளை. எவருடைய கொழுப்பையும் அவர் அளக்கவில்லை. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் இந்தக் கணக்குக்கு இன்றைய பெயரை வைத்தார். அவரும் பெருந்திரளான மக்களை ஒப்பிடுவதற்குத்தான் இது பொருந்தும் என்று கருதினார்.

தராசுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். மாமாவின் தோளிலும் தொடையிலும் இருப்பது இருபது வருட உழைப்பு கட்டிய தசை. கொழுப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதும் தராசுக்குத் தெரியாது. தோலுக்கடியில் படியும் கொழுப்பு அவ்வளவு தொல்லை தருவதில்லை. குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிவதுதான் ஆபத்து. அதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன; இன்சுலின் சொல்வதை உடல் கேட்காமல் போகிறது.

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் தங்கள் உடலையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! மெலிந்த கை கால், உள்ளே சேர்ந்த கொழுப்பு: நம் ஊரில் தெருவுக்கு நாலு பேரிடம் பார்க்கிற உடல்வாகு இது.

அதற்காக இந்த எண்ணைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். கீழ்ப்பக்கத்தில் அது உயிர் காக்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், பி.எம்.ஐ. 14 அல்லது அதற்கும் கீழே இருக்கும் நோயாளியை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவராகக் கணிக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையோ ஆய்வகமோ வேண்டாம். பென்னாகரம் மலையோரத்துத் துணைச் சுகாதார நிலையத்திலும் ஒரு தராசும் சுவரில் ஓர் அளவுகோலும் இருந்தால் போதும். ஒரு மாவட்டம் முழுக்க எடை கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கவும் இதைவிட மலிவான வழி இல்லை. தனி ஒருவரைப் பற்றித் தீர்ப்பு எழுதும்போதுதான் அது தடுமாறுகிறது. வயதானவர்களிடம் தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு ஏறினாலும் எண் அசையாது. கர்ப்பிணிகளுக்கும் கால் வீங்கியவர்களுக்கும் அது பொருந்தாது.

முகாம் முடிந்த வாரம் ஒரு நூல் எடுத்தேன். தம்பியின் உயரத்துக்கு அளந்து வெட்டி, இரண்டாக மடித்தேன்; இடுப்பு உயரத்தில் பாதிக்குள் அடங்குகிறதா என்று பார்க்க. மூச்சைச் சாதாரணமாக வெளியே விடச் சொல்லி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றினேன். நுனிகள் சேரவில்லை, நாலு விரல் இடைவெளி. தையல் டேப்பில் இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. நம் ஆண்களுக்கு எல்லையே 90தான், பெண்களுக்கு 80. அரைஞாண் கயிறு இறுக்குகிறது என்று இரண்டு முறை மாற்றியதாக அவன் அப்போதுதான் சொன்னான். மாமாவுக்கு அதே நூல் தாராளமாகச் சேர்ந்தது.

மறுநாளே இருவரையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். தம்பியின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 சதவீதம், அதாவது நீரிழிவின் வாசல். மாமாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் சரியாக இருந்தன. ‘குறையுங்கள்’ என்ற சொல்லுக்குப் பயந்து ஒரு வாரமாக மதியக் களியைப் பாதியாக்கி, வெறும் வயிற்றோடு கூடை தூக்கிக்கொண்டிருந்தார் அவர். அன்று அத்தை முழு உருண்டையைத் தட்டில் வைத்தார்.