எவர்சில்வரில் விழுந்த சுருக்கம்

அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸ் 1986-இல் செய்த ‘முயல்’ சிற்பத்தைப் படத்தில் பார்த்தால், காற்றடைத்த பொம்மை என்றுதான் தோன்றும். ஊசியால் குத்தினால் புஸ்ஸென்று போய்விடும் போலிருக்கும். ஆனால் அது வார்த்தெடுத்த எவர்சில்வர், சுமார் ஒரு மீட்டர் உயரம்.

கண்ணுக்குத் தொட்டுப் பார்க்கத் தெரியாது. ஒரு பொருள் மெத்தென்றிருக்குமா, கெட்டியா என்பதை அது தோற்றத்தை வைத்தே ஊகிக்கிறது. அந்த ஊகத்துக்குக் கிடைக்கும் நல்ல துப்பு, சுருக்கம்.

பளபளக்கும் ஜிகினாத்தாள் பலூனை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டையான வட்டத் தாள்களை ஓரத்தில் ஒட்டிக் காற்றடைக்கிறார்கள். நடுப்பகுதி உப்ப உப்ப, ஓரம் உள்ளே இழுபடுகிறது. வட்டம் சிறிதாகிவிட்டது, ஆனால் ஓரத்தின் நீளம் பழைய நீளம்தான், ஏனென்றால் அந்தத் தாள் எளிதில் நீளாது, குறுகாது. மிச்சமான நீளம் எங்கே போகும்? மடிந்து மடிந்து சுருக்கமாக நிற்கும். ஓரத்தில் நெருக்கமான சுருக்கம், நடுவே விறைப்பான வழவழப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும், ‘மெல்லிய தோல், உள்ளே காற்று’ என்று மூளை முடிவுகட்டிவிடும். முயலுக்கு மூலமான காற்றடைத்த பொம்மையின் ஓரச் சுருக்கங்கள் உலோகத்தில் அப்படியே பதிந்திருக்கின்றன.

சரி, கண்ணாடி போன்ற மினுமினுப்பு உலோகத்தைக் காட்டிக்கொடுத்துவிடாதா? இதில் நான் மிகவும் ரசிப்பதே இந்த இடத்தைத்தான். பலூனும் மின்னுகிற பொருள்தானே! அதோடு, பிரதிபலிப்பு வளைவைப் பெரிதாக்கிக் காட்டும். பரப்பு 1 டிகிரி சாய்ந்தால், பட்டுத் திரும்பும் ஒளி 2 டிகிரி விலகும். மெதுவாக வளையும் இடத்தில் பிம்பம் அகன்று படரும். சட்டென்று மடியும் இடத்தில் மெல்லிய கோடாக நசுங்கும். இதே காரணத்தால் ஒரு சின்ன நெளிவு தப்பாக விழுந்தாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். பரப்பு கண்ணாடிபோல் மின்ன வேண்டுமானால், அதன் மேடுபள்ளங்கள் அதைவிட மிகச் சிறிதாகும்வரை, மேலும் மேலும் நுண்ணிய உராய்பொருளால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை.

போலந்து வடிவமைப்பாளர் ஆஸ்கர் ஜியென்டா வேறு வழியில் போனார். இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளை ஓரத்தில் வெல்டிங் செய்து, உள்ளே காற்றைச் செலுத்தி நிஜமாகவே ஊதிவிடுகிறார். ஓரச் சுருக்கங்களை யாரும் செதுக்குவதில்லை, அழுத்தத்தில் தானாக விழுகின்றன. எஃகு தன் மீள்தன்மை எல்லையை, அதாவது விட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பும் வரம்பை, தாண்டி வளைந்துவிடுவதால், காற்றை வெளியேற்றிய பிறகும் அந்த உப்பல் இறங்குவதில்லை.