எட்டாவது கீரைக் கட்டு

மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பில் போடும் செயலியிலேயே இப்போது ஏஐ இருக்கிறதாம். எந்தச் சரக்கை எவ்வளவு வாங்கலாம் என்று அதுவே சொல்லுமாம். முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாததா அதற்குத் தெரிந்துவிடும்?”

பாதி தெரியும் அண்ணாச்சி. மீதிப் பாதி உங்களுக்குத்தான் தெரியும்.

செயலி செய்கிற முதல் வேலை, பழைய பில்களைப் பார்த்து நாளைய விற்பனையை ஊகிப்பது. ஞாயிற்றுக்கிழமை இஞ்சி பூண்டு கூடப் போகும், மாதத்தின் முதல் வாரம் அரிசி பருப்பு போகும் என்பதையெல்லாம் அது தானாகவே பிடித்துவிடும். அமாவாசையைப் பிடிக்கத்தான் திணறும். சுமார் 29½ நாளுக்கு ஒருமுறை வருகிற அமாவாசை எந்தக் கிழமையிலும் நிற்காது, எந்தத் தேதியிலும் நிற்காது. திடீரென்று ஏன் எல்லாரும் வாழைக்காய் கேட்கிறார்கள் என்று கணினி விழிக்கும். புரட்டாசியில் முட்டை தேங்குவதும் அப்படித்தான். ராகு காலம் பார்த்துக் கடை திறப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் வாங்க வருகிறவர் பஞ்சாங்கம் பார்க்கிறார் என்றால் கணினியும் பார்த்துத்தான் ஆக வேண்டும். எந்தச் செயலியும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு நல்ல தமிழ் நாட்காட்டித் தரவை இலவசமாக வெளியிட அரசு ஆராய்ச்சிப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கலாம். பெரிய செலவெல்லாம் ஆகாது.

சரி, இரண்டாவது வேலைக்கு வருவோம். எனக்குப் பிடித்தது இதுதான்.

ஒரு கட்டுக் கீரை 15 ரூபாய்க்கு வாங்கி 20 ரூபாய்க்கு விற்கிறீர்கள். மிஞ்சினால் மறுநாள் குப்பை. எட்டு நாளில் கேட்டு வந்தவர்கள் 6, 7, 9, 10, 11, 12, 14, 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி பத்தரை. தினமும் 11 கட்டு வாங்கினால் என்ன என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டு நாளில் லாபம் 200 ரூபாய். வெறும் 7 கட்டு வாங்கியிருந்தால்? 260 ரூபாய்!

காரணம் எளிது. ஒரு கட்டு குறைந்தால் போவது 5 ரூபாய், மிஞ்சினால் போவது 15 ரூபாய். இரண்டும் சமமான தவறு இல்லை. இரண்டையும் கூட்டினால் இருபது; ஐந்தை அந்த இருபதால் வகுத்தால் கால். நாள்களை விற்பனை வரிசையில் அடுக்கி, கால் பங்கு முடிகிற இடத்தில் நின்றால் அங்கே இருப்பது 7. செய்தித்தாள் விற்பவர் கணக்கு என்று இதற்குப் பெயர். வங்கி எவ்வளவு ரொக்கம் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1888-இல் பொருளாதார அறிஞர் பிரான்சிஸ் எட்ஜ்வொர்த் யோசித்ததில் இதன் வேர் இருக்கிறது. விற்காத பிரெட்டைக் கம்பெனிக்காரரே திரும்ப எடுத்துக்கொள்கிறார் என்றால் மிஞ்சினாலும் நஷ்டமில்லை, அலமாரி நிறைய அடுக்கலாம். அதே கணக்குதான், விடை மட்டும் தலைகீழ்.

இப்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. செயலி பேச்சைக் கேட்டு 7 கட்டு வாங்குகிறீர்கள். காலை எட்டு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. எட்டாவதாக வந்த அக்கா “கீரை இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். அவருக்குப் பில் கிடையாது. பில் இல்லாதவர் கணினிக்கு இல்லாதவர். தேவையே 7 கட்டுதான் என்று அது பாடம் படித்துக்கொள்ளும். மழை பெய்து சில நாள் 5 கட்டு விற்றால் அடுத்து 5 என்று சொல்லும். வாங்குவதே 5 என்றால் பில்லில் ஆறாவது கட்டு எப்படி வரும்? இறங்கத் தெரியும், ஏறத் தெரியாது.

தப்பிக்க ஒரு அழகான வழி உண்டு. பில்லில் நேரமும் பதிவாகிறது அல்லவா? சரக்கு மிஞ்சிய நாள்களில் எட்டு மணிக்குள் பாதிதான் விற்றிருக்கிறது என்றால், 7 கட்டும் எட்டு மணிக்கே தீர்ந்த நாளில் உண்மையான தேவை சுமார் 14. விற்றது எவ்வளவு என்பதோடு எப்போது தீர்ந்தது என்பதையும் பார்க்கிற செயலி இதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் சரக்கு மிஞ்சிய நாள் என்று சில இருந்தால்தானே ஒப்பிட முடியும்? அதனால் எப்போதாவது வேண்டுமென்றே 14 கட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். வாடிப்போகும் நாலு கட்டு, தகவலுக்குக் கொடுத்த விலை.

செயலியை விற்க வருகிறவரிடம், சரக்கு தீர்ந்த நேரத்தை அது கணக்கில் எடுக்குமா என்று கேளுங்கள். முழித்தால் அனுப்பிவிடுங்கள். அப்புறம், கடன் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு போடுங்கள். “இல்லை” என்று சொல்லி அனுப்பிய ஒவ்வொரு பொருளுக்கும் அதில் ஒரு கோடு.