வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை பால் குடிப்பதைப் பாருங்கள்

திருவையாற்றிலிருந்து ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். மகளுக்குப் பிறந்த ஆண் குழந்தைக்கு 25 நாள் ஆகிறது. அழும்போது நாக்கின் நுனி மேலே எழாமல், நடுவில் இழுபட்டு இதய வடிவில் தெரிகிறதாம். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "நாக்கு ஒட்டியிருக்கிறது, உடனே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பேச்சு வராது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்னொருவர் வசம்பைச் சுட்டு உரைத்துத் தடவச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனை ஒன்றில், நாக்கோடு மேலுதட்டையும் சேர்த்து லேசரில் பிரித்துவிடலாம் என்று நாளே குறித்துக் கொடுத்துவிட்டார்கள். "முதல் வாரம் மகளுக்குக் காம்பில் வலி இருந்தது, இப்போது இல்லை. பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 3.4 கிலோ. வெட்டலாமா, கூடாதா? பேரன் ழகரம் சொல்வானா?" என்று கேட்கிறார்.

எடையை எழுதினாரே, அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்தக் கேள்விக்கான விடையில் பாதி அந்த வரியில் இருக்கிறது.

கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து நாக்கைத் தூக்குங்கள். அடியில், நடுவாக ஒரு சவ்வு எழுந்து நிற்கும். எல்லோருக்கும் உண்டு. கருவில் நாக்கு முதலில் வாயின் தரையோடு ஒட்டியபடிதான் உருவாகிறது. பிறகு அடியிலுள்ள செல்கள் மடிந்து இடம்விட, நாக்கு விடுபடுகிறது. அப்படி விடுபட்டது போக எஞ்சியதுதான் இந்தச் சவ்வு. அது குட்டையாகவோ தடித்தோ நுனிவரை நீண்டோ அமைந்து அசைவைத் தடுத்தால் நாக்கு ஒட்டு என்கிறோம். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இது அதிகம்.

கயிறு என்றுதான் இதை எல்லோரும் நினைத்திருந்தார்கள். கயிறு என்றால் அறுத்துவிட்டால் வேலை முடிந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த நிக்கி மில்ஸும் அவருடைய குழுவினரும் இறந்தவர்களின் உடல்களில் இந்த இடத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு வேறு சித்திரத்தைத் தந்தது. அங்கே தனியாக ஒரு கயிறு இல்லை. கீழ்த்தாடையின் உட்புறம் வரை, வாயின் தரை முழுவதும் ஒரு நார்த்திசுப் படலம் விரிந்திருக்கிறது. நாக்கு எழும்போது அந்தப் படலம் நடுவில் மடிந்து எழுகிறது. கட்டிலில் ஒரு வேட்டியை விரித்து நடுவில் கிள்ளித் தூக்குங்கள். ஒரு முகடு எழும். விரலை எடுத்தால் முகடு போய்விடும், துணி மட்டும் இருக்கும். சிலருக்கு அந்த மடிப்பில் மேல்தோல் மட்டும் கண்ணாடிபோல் எழுகிறது. சிலருக்குப் படலமும் சேர்ந்து வருகிறது. சிலருக்கு அடித்தசையும் சற்று இழுபடுகிறது. நாக்கின் அடிப்பரப்பில் உணர்வு நரம்பின் கிளைகள் ஆழமில்லாமல் ஓடுகின்றன. மடிப்பின் இரு பக்கமும் உமிழ்நீர்க் குழாய்களின் வாய்கள் இருக்கின்றன. எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பது எத்தனை நுட்பமான முடிவு என்று இதிலிருந்தே தெரியும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குழந்தை எப்படிப் பால் குடிக்கிறது? மடியிலிருந்து விரல்களால் பால் கறப்பதுபோல, நாக்கால் காம்பைப் பிழிந்து எடுக்கிறது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் டோனா கெடஸும் அவருடைய குழுவினரும், பால் குடிக்கும் குழந்தைகளின் தாடைக்குக் கீழே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் படம் எடுத்தார்கள். அதே நேரத்தில் வாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை மெல்லிய குழாய் வழியாக அளந்தார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது இது: நாக்கு மேலே அழுந்தியிருக்கும்போது பால் வரவில்லை. நாக்கு கீழே இறங்கும்போதுதான் வந்தது. நாக்கு இறங்க இறங்க வாய்க்குள் வெற்றிடம் கூடுகிறது. அது மிகத் தாழ்ந்த புள்ளியைத் தொடும்போது வெற்றிடமும் உச்சத்தைத் தொடுகிறது. சராசரியாக, வெளிக்காற்றைவிட 145 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைவு. நமக்கு ரத்த அழுத்தம் 120 என்கிறோமே, அதே அளவுகோல்தான். பிறந்து சில வாரமே ஆன ஒரு சின்ன வாய் அத்தனை இழுவிசையை உண்டாக்குகிறது. நாக்கு திரும்ப எழும்போது வந்த பாலைத் தொண்டைக்குத் தள்ளுகிறது.

இதை உங்கள் வாயிலேயே உணரலாம். வண்டி மாட்டை ஓட்டும்போது நாக்கால் "டக் டக்" என்று ஒலி எழுப்புவார்களே, அதைச் செய்து பாருங்கள். மெதுவாகச் செய்யுங்கள். முதலில் நாக்கு அண்ணத்தில் முழுவதும் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஓரங்கள் ஒட்டியபடியே இருக்க, நடுப்பகுதி மட்டும் கீழே இறங்குகிறது. அந்த நொடியில் அண்ணம் இழுபடுவது தெரிகிறதா? அதுதான் வெற்றிடம். ஓரம் ஓரிடத்தில் விட்டுப்போனதும் காற்று பாய்ந்து "டக்" என்று ஒலிக்கிறது. குழந்தை அந்த ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நடுப்பகுதியை இறக்குகிறது. நொடிக்கு ஒருமுறை, களைக்காமல்.

நாக்கு ஒட்டு எங்கே குறுக்கிடும் என்பது இப்போது தானே விளங்கும். நாக்கின் நுனி கீழ் ஈறைத் தாண்டி நீண்டு மார்பை அடியிலிருந்து ஏந்த வேண்டும். நீள முடியாவிட்டால் காம்பு வாய்க்குள் ஆழமாகப் போகாது. ஈறு காம்பையே கடிக்கும். ஓரப்பிடி அடிக்கடி விட்டுப்போய், பால் குடிக்கும்போதே அந்த "டக்" ஒலி கேட்கும். குழந்தை வாயை எடுத்ததும் காம்பு ஒரு பக்கம் நசுங்கிச் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும். தாய்க்கு வெடிப்பும் வலியும். குழந்தைக்கு ஒரு மணி நேரம் குடித்தும் பசி.

ஆனால் நுனி எழாத எல்லாக் குழந்தைக்கும் இது நேர்வதில்லை. ஓரம் பிடித்து நடு இறங்கினால் போதும், பால் வந்துவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, நாக்கு ஒட்டு உள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் சிரமம் இருக்கிறது என்கிறது. மாசசூசெட்ஸில் வெட்டுவதற்காக அனுப்பப்பட்ட 115 குழந்தைகளை, முதலில் பாலூட்டலைப் பேச்சு மற்றும் விழுங்கல் வல்லுநர்களைக் கொண்டு முழுமையாகக் கவனித்துத் திருத்தினார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி, அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் வெட்டத் தேவைப்படவே இல்லை.

ஆகவே முதல் சிகிச்சை அணைத்துப் பிடிக்கும் விதம். தாய் சற்றே சாய்ந்து உட்கார வேண்டும். குழந்தையின் வயிறு தன் வயிற்றில் படிய வேண்டும். காம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும். அது வாயை அகலத் திறந்ததும், கீழுதடு காம்பிலிருந்து நன்றாகத் தள்ளிப் படும்படி அணைக்க வேண்டும். பலருக்கு வலி இதிலேயே தணிந்துவிடும்.

இதற்குப் பிறகும் வலி தீராமல், எடையும் ஏறாமல் இருந்தால் கத்தரி சரியான முடிவு. அதைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. பிறந்தபோது, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்பதை உறுதி செய்துகொண்டு, குழந்தையைத் துணியில் சுற்றி, நடுவில் பிளவுள்ள கருவியால் நாக்கைத் தூக்கி, மழுங்கிய நுனிக் கத்தரியால் சில மில்லிமீட்டர் வெட்டுவார்கள். சில நொடி வேலை. சில சொட்டு ரத்தம். உடனே தாயிடம் பால் குடிக்கலாம். அங்கே பிறகு தெரியும் வெள்ளைத் திட்டு சீழ் அல்ல, புண் ஆறும் அடையாளம். லேசர் கத்தரியைவிட மேலானது என்று இதுவரை நிரூபணம் ஆகவில்லை. மேலுதட்டு மடிப்பு பிறந்த குழந்தைகளுக்கு இயல்பாகவே இருப்பது. பாலூட்டலுக்காக அதை வெட்ட ஆதாரம் இல்லை. வெட்டிய இடத்தை விரலால் தினமும் இழுத்துவிடும் பயிற்சியையும் அதே 2024 அறிக்கை பரிந்துரைக்கவில்லை. வளர்ந்த குழந்தைகளுக்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்து, மடிப்பைப் பிரித்துத் தையல் போடும் அறுவை சிகிச்சை செய்வார்கள்.

அமெரிக்க மருத்துவமனைகளில் நாக்கு ஒட்டு என்று பதிவான குழந்தைகள் 1997-இல் 3,934, 2012-இல் 32,837. பதினைந்து ஆண்டில் குழந்தைகளின் நாக்கு மாறியிருக்காது, பார்ப்பவர்களின் கண்தான் மாறியிருக்கிறது. இத்தனை கத்தரிக்கும் அடியில் இருக்கும் ஆதாரமோ மெலிந்தது. பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்பாய்வு 2017-இல் திரட்ட முடிந்தது ஐந்தே சோதனைகள், 302 குழந்தைகள். வெட்டியபின் தாயின் வலி சில நாள்களில் குறைகிறது என்பது மட்டுமே அதில் தெளிவாயிற்று. பிரிட்டனில் 870 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்ட பெரிய சோதனை, 169 பேரோடு நின்றுபோனது. வெட்டாமல் கவனிக்க வேண்டிய பிரிவிலும் பெரும்பாலோர் இடையில் வெட்டிக்கொண்டார்கள். தாயின் வலி ஆய்வுக்குரிய பொருள் என்று நிதி கொடுப்பவர்களுக்கு மிகத் தாமதமாகத்தான் உறைத்திருக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. நம் மொழிக்கென்று ஒரு கேள்வியும் பாக்கி இருக்கிறது. ட, ண, ள, ழ என நாக்கை மடக்கிச் சொல்லும் ஒலிகள் இத்தனை உள்ள தமிழ்க் குழந்தைகளிடம் நாக்கு ஒட்டை ஆராய்வதற்குச் செலவிடும் பணம் வீண் போகாது.

ழகரத்துக்கு வருகிறேன். ரகரமும் ழகரமும் பிறக்க, நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருட வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. நுனி எழாவிட்டால் இந்த ஒலி தடுமாறலாம் என்பது உண்மை. ஆனாலும் நாக்கு ஒட்டு பேச்சு வருவதைத் தடுக்காது. சில ஒலிகளின் திருத்தத்தை மட்டும் பாதிக்கலாம். பேச்சு வருவது காதால். ஒன்றரை வயதிலும் ஒரு சொல்கூட வரவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. நாக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் காது கேளாத குழந்தைக்கு விலைமதிப்பற்ற மாதங்கள் போய்விடும். மேலும், நாக்கில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளும் ஐந்தாறு வயதுவரை "வாயப்பயம்" என்றோ "வாளப்பளம்" என்றோதான் சொல்கிறார்கள். அந்த வயதிலும் ஒலி திருந்தாமல், நாக்கும் எழாமல் இருந்தால் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்லட்டும். அதற்காக இன்றே வெட்டிவைக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

வசம்பைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன். அதிலுள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால், 1968-இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. ஒரு வயதுக்குள் தேன் தடவினால் பாட்யூலிசம் என்னும் நஞ்சேற்றம் வரக்கூடும். கழுதைப்பால் நாக்கைத் திருத்தாது. கொதிக்க வைக்காத பால் கிருமியைத்தான் கொடுக்கும்.

திருவையாற்று அம்மாவுக்கு: பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை இழந்து, பத்துப் பதினான்கு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பும், பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். உங்கள் பேரன் அந்த இறக்கத்தையும் ஈடுகட்டி அரை கிலோ ஏறியிருக்கிறான். மகளுக்கும் வலி இல்லை. அவன் நாக்கு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. குறித்துக் கொடுத்த நாளை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 45-ஆம் நாள் தடுப்பூசிக்குப் போகும்போது எடை பாருங்கள். அங்குள்ள மருத்துவரிடமோ செவிலியரிடமோ, அவன் பால் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் வலி திரும்பினாலோ, அந்த "டக்" ஒலி அடிக்கடி கேட்டாலோ, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, 45-ஆம் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.