தக்காளியைப் பழுக்க வைக்கும் 21 எழுத்துகள்

முற்றிய பச்சைத் தக்காளி நிறம் திரும்பும்போது எத்திலீன் வாயு பெருகுகிறது, பச்சையம் கரைகிறது, லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமி சேர்கிறது. இவற்றைச் செய்பவை புரதங்கள். எந்தப் புரதம் எவ்வளவு உருவாகலாம் என்பதிலோ, தாம் ஒருபோதும் புரதமாகாத ஆர்.என்.ஏ.க்களுக்கும் பங்குண்டு.

அவற்றில் மிகச் சிறிய வகையான மைக்ரோ ஆர்.என்.ஏ. முதலில் கொண்டை ஊசி போல மடிந்த நீண்ட இழையாகத்தான் பிறக்கிறது. டைசர் வகை நொதி அதைப் பெரும்பாலும் 21 எழுத்து (நியூக்ளியோடைடு என்ற அலகு) நீளத்துக்கு நறுக்குகிறது. நறுக்கிய இரட்டை இழையில் ஒன்று ஆர்கனாட் புரதத்தில் ஏறிக்கொள்ளும். அதற்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ., அதாவது புரதம் செய்ய மரபணு அனுப்பும் நகல், வந்து சிக்கினால், சிற்றிழையின் 10, 11ஆம் எழுத்துகளுக்கு எதிரே வெட்டு விழும். துண்டான தூதிலிருந்து முழுப் புரதம் வராது. மைக்ரோ ஆர்.என்.ஏ. 172 இப்படி வெட்டுவது ஏ.பி.2ஏ மரபணுவின் தூதை. அந்த மரபணு எத்திலீனுக்குப் போட்ட பிரேக். அதை ஒடுக்கிய தக்காளிகள் சீக்கிரமே பழுத்தன. புரதமாகாத ஆர்.என்.ஏ.க்களில் நெடிய வகையும் உண்டு: 1459 என்று எண்ணிட்ட ஆர்.என்.ஏ.வை கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் சிதைத்தபோது பழுப்பது தள்ளிப்போனது.

தாவரங்களில் மரபணுவை அடக்கும் சிற்றிழைகளை 1999இல் ஹாமில்டனும் பால்கோமும் கண்டுபிடித்ததில் தக்காளிக்கும் இடமுண்டு. எத்திலீன் தயாரிக்கும் நொதியின் மரபணுவைக் கூடுதலாகச் செருகிய செடிகளில், அந்த மரபணு அடங்கிப்போன செடிகளில் மட்டுமே சுமார் 25 எழுத்து இழைகள் தென்பட்டன. ஒரு மரபணுவை அடக்க அதையே தலைகீழாகச் செருகிய ஃபிளேவர் சேவர் தக்காளி அதற்கு 5 ஆண்டு முன்பே, 1994இல், அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது! பயன்பாடு முந்திக்கொண்டது, விளக்கம் பின்னால் வந்தது.

இந்தச் சிற்றிழைகளை ஆராயும் சோதனையில் பலரும் சறுக்குவது அவற்றைப் பிரித்தெடுக்கும்போதே. ஆர்.என்.ஏ.வைப் பிடித்துவைக்கும் சாதாரண சிலிக்கா வடிகுழாய் (column) 200 எழுத்துக்குக் குறைவான ஆர்.என்.ஏ.வைச் சரியாகப் பிடிக்காது. எத்தனால் அளவைக் கூட்டாவிட்டால் தேடிய பொருள் கழிவோடு போய்விடும். அளப்பதும் எளிதல்ல. 21 எழுத்து என்பது, நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு இழையான பிரைமரின் நீளம்தான். அதனால் கொண்டை வடிவப் பிரைமரால் அதை முதலில் நீட்டிக்கொள்ள வேண்டும்.

மரபணுவை அடக்கிப் பார்க்க, அதன் துண்டைச் சுமக்கும் வைரஸை இளங்காயின் காம்பில் ஊசியால் ஏற்றுவார்கள்; செடி அந்த வைரஸைச் சிற்றிழைகளாக நறுக்கும்போது மரபணுவும் அடங்கும். வைரஸ் சீராகப் பரவாது. ஒரே பழத்தில் சிவப்புக்கு நடுவே பச்சைத் திட்டுகள் நிற்கும். பழம் முழுவதையும் அரைத்தால் இரண்டும் கலந்து விளைவு மங்கிவிடும். திட்டுகளைத் தனித்தனியே வெட்டியெடுக்க வேண்டும். மரபணுத் துண்டு இல்லாத வெற்று வைரஸ் ஏற்றிய காயோடு ஒப்பிட வேண்டும். துண்டில் தொடர்ந்து 21 எழுத்து, அதையொத்த சகோதர மரபணுவோடு பொருந்தினால் அதுவும் அடங்கக்கூடும், பழி தவறான மரபணுமீது விழும்.