அனியூரிசம்: கழுத்தில் புடைக்கும் சிரை

‘கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்’ என்று ஒரு முறையாவது எழுதாத கதைக்காரர் தமிழில் குறைவு. உண்மையில் அங்கே புடைப்பது நரம்பு இல்லை, சிரை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். நம் பேச்சில் ஊசி போடத் தேடுவதும் நரம்புதான், காலில் சுருட்டிக்கொள்வதும் நரம்புதான். அது இருக்கட்டும். அனியூரிசம் என்ற மருத்துவச் சொல்லுக்குத் தமிழ் தேடும் எனக்கு வேண்டியது அந்தப் ‘புடைக்க’.

அனியூரிசம் என்றதும் கம்யூனிசம் போல ஏதோ ஓர் ‘இசம்’ என்று தோன்றும். அப்படி இல்லை. அகலமான என்று பொருள்படும் ‘யூரிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழியே வந்த ‘அனியூரிஸ்மா’தான் இது, பொருள், அகன்று விரிதல். இரத்தக் குழாயின் சுவர் ஓரிடத்தில் தளர்ந்து, பை போலவோ, நடுவில் பருத்த தக்களி போலவோ விரிந்து நிற்பதைக் குறிக்கிறது. பெரும்பாலும் இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் தமனியில்தான் வரும். சிரையில் வருவது அபூர்வம். கழுத்துச் சிரையின் விரிவுக்கு ‘பிளெபெக்டேசியா’ என்றொரு பெயரும் உண்டு. ‘பிளெப்ஸ்’ சிரை, ‘எக்டசிஸ்’ விரிதல். அதுவும் கிரேக்கம்தான்.

கழுத்துச் சிரைக்கு ஆங்கில வழி வந்த பெயர் ‘ஜுகுலர்’. தொண்டையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் வேர் ‘யுகும்’, அதாவது நுகத்தடி. மாட்டின் கழுத்தில் நுகத்தைப் பூட்டிய மக்கள் வைத்த பெயர் என்பது பார்த்தாலே தெரிகிறது.

இந்தப் புடைப்பு ஆளை ஏய்க்கும். குழந்தை அழும்போது, இருமும்போது, முக்கும்போது கழுத்தில் ஓர் உருண்டை எழும். ஓய்ந்ததும் காணாமல் போகும். மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனால் அங்கே ஒன்றுமே இருக்காது. வீட்டில் ‘நெறி கட்டியிருக்கு’ என்பார்கள், இல்லாவிட்டால் தைராய்டு என்பார்கள். நெறியும் கழலையும் இப்படி நொடியில் வந்து நொடியில் மறையாது. சிரைப் புடைப்பு மெத்தென்றிருக்கும், அழுத்தினால் அமுங்கும், துடிக்காது. முக்கும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்குத் திரும்ப வேண்டிய இரத்தம் கழுத்திலேயே தேங்குகிறது. அதனால்தான் வாயையும் மூக்கையும் மூடி முக்கச் சொல்லி, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். அந்த முக்கலுக்கு இத்தாலிய உடற்கூற்றியலாளர் வல்சால்வாவின் (1666–1723) பெயர். தமனிப் புடைப்புக்குப் பட்டினியும் இரத்தம் வடிப்பதும் வைத்தியம் என்று நம்பிய மனிதரும் அவரேதான்!

கட்டி என்று நினைத்து ஊசி குத்திச் சோதித்தால் வருவது இரத்தம்தான். பெரும்பாலும் சும்மா கவனித்து வந்தாலே போதும். உள்ளே இரத்தம் உறைந்தாலோ, வலித்தாலோ, தோற்றம் உறுத்தினாலோ அறுவை சிகிச்சை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அழற்சி’ தவறு, அது சூடும் சிவப்புமாக வருவது. ‘கட்டி’ என்றால் உள்ளே திரண்ட ஏதோ இருக்க வேண்டும். ‘வீக்கம்’ பொதுச் சொல், அடிபட்டாலும் வீக்கம்தான். ‘விரிவு’ பொருளளவில் சரி, ஆனால் கண்ணுக்குத் தெரியும் மேட்டை அது காட்டவில்லை. உள்ளிருந்து தள்ளி மேலே எழுவதைச் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே இருப்பது ‘புடைப்பு’. தமனியில் வந்தால் தமனிப் புடைப்பு, இங்கே வந்தது கழுத்துச் சிரைப் புடைப்பு.

இலங்கைப் பாடநூல்களில் தமனி ‘நாடி’, சிரை ‘நாளம்’. தமிழ்நாட்டில் நாளம் என்றால் எந்த இரத்தக் குழாயும் ஆகலாம். ஆகவே ‘நாளப் புடைப்பு’ என்று பொதுவாக எழுதினால் யாழ்ப்பாணத்து மாணவர் அதைச் சிரையில் வந்ததென்றே படிப்பார்.